தோட்டம்: வாசகர் கேள்வி-பதில் – பனி விழும் ஊரில் பூண்டுப் பாத்தி

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பூண்டைப் பற்றியவை. அவற்றுள் பலவும் பெரம்பூர் தொடங்கித் திருவொற்றியூர் வரையுள்ள வட சென்னைப் பகுதிகளிலிருந்து வந்திருக்கின்றன. எழுதியவர்களின் மகனோ மகளோ, தம்பியோ தங்கையோ குளிர்நாடுகளில் குடும்பத்தோடு வாழ்கிறார்கள். அங்கே வீட்டின் பின்புறத்தில் கிடக்கும் சிறு நிலத்தில் பூண்டு போடலாமா என்று இங்குள்ள பெரியவர்களிடம் கேட்கிறார்கள். நம் ஊர் அனுபவத்தை மட்டும் வைத்து அதற்கு விடை சொல்ல இயலாது என்பதால், இம்முறை பக்கம் முழுவதையும் இந்த ஒரு பயிருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, வணக்கம். என் மகள், மருமகன், 9 வயதுப் பேத்தி, 6 வயதுப் பேரன் ஆகியோர் கனடாவில் டொரொண்டோவை அடுத்த ஊரில் தனி வீட்டில் வசிக்கிறார்கள். வருகிற செப்டம்பரில் நான் அங்கே சென்று மார்ச் வரை தங்கவிருக்கிறேன். பிள்ளைகளோடு சேர்ந்து தோட்டத்தில் பூண்டு நட வேண்டும் என்பது மகளின் ஆசை. நவம்பரில் பனி கொட்டத் தொடங்கிவிடும் என்கிறார்கள். போடுகிற பயிர் உறைந்து அழுகிவிடாதா? எதைச் செய்வது, எப்போது செய்வது என்று விளக்க வேண்டுகிறேன்.
– வாசகி, பெரம்பூர்

பதில்: அம்மா, நீங்கள் செல்லும் மாதமே பூண்டுக்கு ஏற்ற மாதம். தக்காளியும் கத்தரியும் முதல் உறைபனியிலேயே கருகிவிடும். பூண்டுக்கோ அந்தக் குளிர் கட்டாயம் வேண்டும். இதன் பூர்வீகம் நடு ஆசியாவின் மலைநிலங்கள். குளிர்காலம் முழுவதும் மண்ணுக்குள் உறங்கி, பனி உருகியதும் எழுந்து, கோடை முற்றுவதற்குள் முதிர்ந்துவிடுவது அந்த நிலம் அதற்குக் கற்றுக்கொடுத்த வாழ்க்கை முறை. நட்ட ஒரு பல், ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரங்கள் 10 டிகிரி செல்சியசுக்கும் குறைவான குளிரில் இருந்து, அதன் பிறகு பகல் நீளும் காலத்தைக் கண்டால்தான், தன்னுள் இருக்கும் மொட்டுகளைப் பல பற்களாகப் பிரித்துக்கொள்ளும். ஆகவே பனி உங்கள் பயிருக்குப் பகையாகிவிடுமோ என்ற கவலையை விட்டுவிடுங்கள். நீங்கள் கவலைப்பட வேண்டியவை விதை, வடிகால், நடும் நாள் ஆகிய மூன்றுமே.

முதலில் விதைப்பூண்டு. அங்கே பூண்டில் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. ஹார்ட்நெக் எனப்படுவது நடுவில் விறைப்பான தண்டு உடையது. அந்தத் தண்டைச் சுற்றி ஒரே வட்டமாகப் பெரிய பற்கள் அமைந்திருக்கும். கடுங்குளிரைத் தாங்குவது இதுவே. சாஃப்ட்நெக் எனப்படுவது தண்டு மெலிந்தது, பற்கள் சிறியவை, எண்ணிக்கையில் அதிகம், நெடுநாள் கெடாது. சூப்பர் மார்க்கெட்டில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். அங்கே கடையில் வாங்கிய பூண்டை விதையாக நடுவதை நான் சிறிதும் பரிந்துரைக்க மாட்டேன். அது எந்தத் தட்பவெப்பத்தில் விளைந்தது என்று தெரியாது, முளைக்காமலிருக்க மருந்திடப்பட்டிருக்கலாம். இவை இரண்டையும்விடப் பெரிய ஆபத்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய நூற்புழுவோ வெள்ளை அழுகல் என்ற பூஞ்சை நோயோ அதனுடன் சேர்ந்து வந்துவிடுவது. வெள்ளை அழுகல் பூஞ்சையின் கடுகைவிடச் சிறிய கருந்துகள்கள் ஒருமுறை மண்ணில் கலந்துவிட்டால் 20 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு காத்திருக்கும். அந்த இடத்தில் வெங்காயமோ பூண்டோ மீண்டும் வைக்க முடியாது. டொரொண்டோ அமைந்திருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பூண்டுத் திருவிழாக்களும் உழவர் சந்தைகளும் நடைபெறும். அங்கே உள்ளூர் விவசாயி தம் கையால் விளைவித்த விதைப்பூண்டைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். 'மியூசிக்' என்ற பெயரில் விற்கப்படும் பெரும்பல் வகை அங்கே எளிதில் கிடைக்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதுவே போதும். அது விரைவில் விற்றுத் தீர்ந்துவிடும் என்பதால், நீங்கள் வந்து சேரும் வரை காத்திராமல் மகளையே முன்கூட்டி வாங்கி வைக்கச் சொல்வது நல்லது.

எவ்வளவு வாங்குவது என்பதைப் பேத்தியிடம் ஒரு கணக்காகவே கொடுக்கலாம். பற்களுக்கு இடையில் 15 செ.மீ., வரிசைகளுக்கு இடையில் 20 செ.மீ. விட்டால், 4 அடிக்கு 8 அடி அளவுள்ள ஒரு பாத்தியில் ஏறக்குறைய 100 பற்கள் நடலாம். பெரும்பல் வகையில் ஒரு பூண்டுக்கு 4 முதல் 6 பற்கள் இருக்கும் என்பதால் அதற்கு 20 பூண்டுகள் தேவை. விளையும் நூற்றில் 20 பூண்டுகளை அடுத்த ஆண்டு விதைக்கு எடுத்து வைத்தால் சமையலுக்கு 80 மிஞ்சும். ஹார்ட்நெக் வகை ஏறத்தாழ ஆறு மாதம் வரை தாங்கும். ஆகவே ஜூலை முடிவிலிருந்து ஜனவரி முடிவு வரை வாரத்துக்கு மூன்று பூண்டு. மீன் குழம்புக்கு முழுப் பூண்டையே உரித்துப் போடும் நம் பக்கத்துச் சமையலுக்கும் அது பெரும்பாலும் போதும். இந்தக் கணக்கைத் தொடக்கத்திலேயே போட்டுவிடுவது அவசியம். ஆசையில் நான்கு பாத்தி நட்டுவிட்டுக் களையெடுக்க ஆளில்லாமல் கைவிட்ட குடும்பங்கள் உண்டு. அதன் பிறகு பிள்ளைகளை மீண்டும் தோட்டத்துக்கு அழைத்து வருவது கடினம்.

நடவு நாள், மண் இறுகி உறைவதற்கு மூன்று முதல் ஆறு வாரங்களுக்கு முன்பு இருக்க வேண்டும். டொரொண்டோப் பக்கத்தில் அது செப்டம்பர் இறுதி முதல் அக்டோபர் பிற்பகுதி வரையிலான காலம். அந்த இடைவெளியில் பல் வேர்விட்டுவிடும். இலை மண்ணுக்கு மேலே வராமலிருப்பது நல்லது, சற்று வந்தாலும் கேடில்லை. வெயில் நாள் முழுவதும் படும் இடமாகவும், சென்ற மூன்று நான்கு ஆண்டுகளில் வெங்காயம், பூண்டு, லீக் போன்றவை வைக்காத இடமாகவும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்கும் மண்ணானால் மேட்டுப்பாத்தி அமைப்பதைத் தவிர வழியில்லை. குளிர்காலத்தில் பூண்டு அழுகிப்போகிறது என்றால், பத்தில் ஒன்பது முறை அதற்குக் காரணம் தேங்கிய ஈரம்தான். நன்கு மக்கிய தொழு உரத்தையோ கம்போஸ்டையோ இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி மண்ணோடு கிளறிவிட்டால் அடியுரம் முடிந்தது.

பல் பிரிப்பது பிள்ளைகளின் வேலை. நடும் அன்றோ அதற்கு முந்தின நாளோதான் பூண்டை உடைக்க வேண்டும். ஒவ்வொரு பல்லையும் பேரனின் உள்ளங்கையில் வைத்து, அதன் இரு முனைகளையும் காட்டுங்கள். ஒரு முனை கூராக இருக்கும். மறுமுனையில் தழும்பேறியது போன்ற தட்டையான, சற்றுச் சொரசொரப்பான பகுதி இருக்கும். வேர் புறப்படுவது அந்தத் தட்டிலிருந்துதான். அது உடைந்த பல்லும், தொட்டால் மெத்தென்று அமுங்கும் பல்லும், நீலப் பூஞ்சை படிந்த பல்லும் நடுவதற்கு ஆகாது. தோலை உரிக்கக் கூடாது. பெரிய பல் பெரிய பூண்டைத் தரும் என்பதால் பெரியவற்றை நிலத்துக்கும் சிறியவற்றைச் சமையலறைக்கும் பிரித்து வையுங்கள். நம் வீடுகளில் கை தானாகவே பெரிய பல்லைத்தான் குழம்புக்கு எடுக்கும், அதை இந்த ஒரு நாள் மாற்றிக்கொள்ள வேண்டும். கூர்முனை மேலே, தட்டு கீழே இருக்கும்படி, பல்லின் தலைக்கு மேல் 5 செ.மீ. மண் மூடும் ஆழத்தில் ஊன்றுங்கள். ஒரு குச்சியில் அளவுக்கோடு போட்டுக் கொடுத்துவிட்டால் 6 வயதுப் பிள்ளை பிழையின்றிக் குழி போட்டுக்கொண்டே போகும். தலைகீழாக நட்ட பல்லும் முளைக்கவே செய்யும், ஆனால் தண்டு வளைந்து பூண்டு உருக்குலைந்துவிடும்.

நட்டு முடித்துத் தண்ணீர் விட்டபின் மூடாக்கு இட வேண்டும். களைவிதை கலக்காத வைக்கோலோ, நறுக்கிய மேப்பிள் சருகோ, 10 முதல் 15 செ.மீ. கனத்துக்குப் போதும். பலர் நினைப்பதுபோல இது குளிரைத் தடுப்பதற்காகப் போர்த்தும் கம்பளி அன்று. பகலில் உருகி இரவில் உறையும் மண் உப்பித் தணியும்போது, அதற்குள் இருக்கும் பல்லை மெல்ல மெல்ல மேலே தள்ளிவிடும். மூடாக்கு அந்த ஏற்ற இறக்கத்தைக் குறைத்துப் பல்லை அதன் இடத்திலேயே இருத்துகிறது. அதற்கு மேல் விழும் பனியும் நல்ல காப்பே. எனவே டிசம்பரிலும் ஜனவரியிலும் நீங்கள் செய்ய வேண்டியது ஏதுமில்லை. யாரும் பாத்தியின்மீது நடக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மார்ச்சில் நீங்கள் பெரம்பூர் திரும்பிவிடுவீர்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகுதான், ஏப்ரல் வாக்கில், வைக்கோலைத் துளைத்துக்கொண்டு பச்சை முனைகள் தெரியும். பயிர் உங்களுடையது என்ற உணர்வு அறுபடாமல் இருக்க, அடுத்து வரும் வேலைகளைத் தாளில் எழுதி அவர்கள் சமையலறைக் கதவில் ஒட்டிவிட்டு வாருங்கள். முளை வந்ததும் மூடாக்கைச் சற்று விலக்க வேண்டும். மே முடிவதற்குள் தழைச்சத்து உரத்தை இரண்டு முறையாகக் கொடுத்து நிறுத்திவிட வேண்டும். அதன் பிறகு கொடுத்தால் இலைதான் கொழிக்கும். மழை இல்லாத வாரங்களில் வாரத்துக்கு ஒருமுறை மண் 2.5 செ.மீ. மழை பெய்தது போல நனைய வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது களை. பூண்டின் இலை ஒடுக்கமானது, நிழல் விரித்துக் களையை அடக்கும் வலு அதற்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் குடும்பம் முழுவதும் சிறிது நேரம் பாத்தியில் உட்கார்ந்தால் இதைச் சமாளித்துவிடலாம்.

ஜூன் நடுவில் பிள்ளைகள் மிகவும் விரும்பும் கட்டம் வரும். ஒவ்வொரு செடியின் நடுவிலிருந்தும் பென்சில் கனத்தில் ஒரு பூந்தண்டு எழுந்து, வளையமாகச் சுருளும். ஒரு சுற்றுச் சுருண்டதும் அதை இலை தொடங்கும் இடத்துக்கு மேலே பிடித்து வளைத்தால் டப்பென்று ஒடிந்துவிடும். அதை விட்டுவைத்தால் செடியின் வலு பூவுக்குப் போய்ப் பூண்டு சிறுத்துவிடும் என்பதால் ஒடிப்பது கட்டாயம். ஒடித்த தண்டுகளை வீணாக்காமல் பீன்ஸ் பொரியல் போல நறுக்கித் தேங்காய் சேர்த்து வதக்கச் சொல்லுங்கள்; பூண்டின் காரம் பாதியாகி, பச்சைக் காய்கறியின் இனிப்போடு அது மிக நன்றாக இருக்கும். இரண்டு மூன்று செடிகளில் மட்டும் தண்டை ஒடிக்காமல் விட்டுப் பாருங்கள். அதன் தலையில் அரிசியளவோ மிளகளவோ குட்டிக் குமிழ்கள் திரளும். அவற்றை நட்டு முழுப் பூண்டாக்க இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும்; பேத்திக்குப் பொறுமை இருந்தால் தொடங்கட்டும், மண்வழி நோய் ஒட்டாத விதை பெற அதுவே நல்ல வழி.

கேள்வி: வின்னிபெக்கில் இருக்கும் என் மகன், பனி விலகிய பிறகு மே மாதத்தில் பூண்டு நட்டான். செப்டம்பரில் தோண்டியபோது, பல் எதுவும் பிரியாமல் சின்ன வெங்காயம் போல ஒற்றை உருண்டையாக இருந்ததாம். விதை மோசமா?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: விதையில் குறையில்லை. வசந்தத்தில் நட்டதால் அந்தப் பல்லுக்கு வேண்டிய குளிர் நாட்கள் கிடைக்கவில்லை. குளிரைக் காணாத பல், தான் மட்டும் பருத்து ஒற்றை உருண்டையாக நின்றுவிடும். அவற்றை எறிந்துவிட வேண்டாம். வின்னிபெக்கில் மண் விரைவில் உறையும் என்பதால், செப்டம்பர் பிற்பாதியிலேயே அந்த உருண்டைகளை அப்படியே, சற்று ஆழமாக 7 செ.மீ. மண் மூடும்படி நட்டு, மூடாக்கைக் கனமாக இடச் சொல்லுங்கள். அடுத்த கோடையில் பல் பிரிந்த முழுப் பூண்டு கிடைக்கும். ஒற்றை உருண்டைகள் நல்ல விதை. சாதாரணப் பல்லைவிடப் பெரிய பூண்டையே பல நேரங்களில் தருகின்றன.

கேள்வி: கொடைக்கானலுக்குச் சுற்றுலா சென்றபோது மலைப்பூண்டு வாங்கி வந்தோம். தண்டையார்பேட்டையில் எங்கள் மாடித்தோட்டத்தில் அதை விளைவிக்க முடியுமா? கத்தரி, வெண்டை, கீரை எல்லாம் நன்றாக வருகின்றன. குளிர் வேண்டுமென்றால் ஃபிரிட்ஜில் வைத்து நடலாமே?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: நீங்கள் வாங்கி வந்தது 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு. பூம்பாறை, மன்னவனூர் போன்ற மேல்மலைக் கிராமங்களில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், தலைமுறைகளாக விளைவித்து வருகிறார்கள். தண்டையார்பேட்டைக்கும் கொடைக்கானலுக்கும் பகல் நீளத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு முழுவதும் இரவின் குளிரில் இருக்கிறது. அங்கே ஜனவரி இரவுகள் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். கடற்காற்று வீசும் நம் மாடியில் மார்கழி இரவுகூட 20 டிகிரியை ஒட்டியே நிற்கும், மாசி பிறந்ததும் தளம் சுடத் தொடங்கிவிடும். பூண்டு பருக்க வேண்டிய காலத்தில் வேர் வெந்துபோகும்.

ஃபிரிட்ஜ் யோசனை பிழையானது அன்று. முழுப் பூண்டைக் காகிதப் பையில் போட்டுக் காய்கறித் தட்டில் ஆறு முதல் எட்டு வாரங்கள் வைத்து நட்டால், முளைப்பு விரைவாகவும் சீராகவும் இருக்கும், ஒருசில செடிகளில் சிறிய பூண்டும் கட்டக்கூடும். ஆனால் சமையலுக்கு ஆகிற அளவு விளையும் என்று நம்பிப் பிள்ளைகளை மூன்று நான்கு மாதம் காக்க வைப்பதை நான் விரும்பவில்லை. நம் மாடிக்கு ஏற்ற விளைச்சல் பூண்டுத் தாள். ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்தபின், ஒரு ஜாண் ஆழமுள்ள குரோ பேக்கில் செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் கலந்து நிரப்பி, பற்களை மூன்று விரல் இடைவெளியில் நெருக்கமாக ஊன்றுங்கள். சமையலறைக் கூடையில் தானே முளைவிட்ட பற்களும் இதற்குப் போதும். நான்கு வாரத்துக்குள் தாள் ஒரு ஜாணுக்கு மேல் வளர்ந்துவிடும். அடியில் இரண்டு விரல் விட்டு அறுத்தால் மீண்டும் ஒருமுறை துளிர்க்கும். முட்டைப் பொரியலிலும், அடை மாவிலும், நெத்திலி வறுவலின் மேலும் பொடியாக நறுக்கித் தூவிப் பாருங்கள்.

கேள்வி: மகள் வீட்டில் நடுவதற்குக் கொடைக்கானல் பூண்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பலாமா? திரும்பி வரும்போது அந்த ஊர்ப் பூண்டை இங்கே நடக் கொண்டுவரலாமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: இரண்டுமே வேண்டாம். நடுவதற்கான கிழங்கையும் குமிழையும் உரிய அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவருவதைத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை, 2003 தடுக்கிறது. கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளிலும் இத்தகைய கட்டுப்பாடுகள் உண்டு. மேலே சொன்ன வெள்ளை அழுகலும் நூற்புழுவும் ஊர்விட்டு ஊர் பரவுவது இப்படிக் கொண்டுசெல்லப்படும் நல்லெண்ணப் பைகளால்தான். பயிரின் பக்கமிருந்து பார்த்தாலும் இதில் பயனில்லை. டொரொண்டோவில் ஜூன் மாதப் பகல் 15 மணி நேரத்தைத் தாண்டும். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நீண்ட பகலுக்குப் பழகிய பூண்டு இங்கே எவ்வளவு குளிரூட்டி நட்டாலும் தாளோடு நின்றுவிடும்.

கேள்வி: மின்னசோட்டாவில் இருக்கும் தம்பி குடும்பத்தார் சென்ற ஆண்டு பூண்டு நன்றாக வளர்த்தார்கள். இலை முழுவதும் காயட்டும் என்று காத்திருந்து தோண்டினார்கள். பூண்டெல்லாம் தோல் கிழிந்து, பற்கள் விரிந்து கிடந்தனவாம். மண் போகக் கழுவியும் வைத்தார்கள். இரண்டு மாதத்தில் பாதி கெட்டுவிட்டது. எப்போது எடுக்க வேண்டும், எப்படி உலர்த்த வேண்டும்?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: வெங்காயத்தைப் போலத் தாள் சாய்ந்து காயும் வரை பூண்டைக் காக்க வைக்கக் கூடாது. இதற்கான காரணத்தை உங்கள் தம்பி ஒரே ஒரு செடியைப் பிடுங்கிக் கண்ணால் பார்த்தே அறிந்துகொள்ளலாம். வெளியில் தெரியும் ஒவ்வோர் இலையையும் மேலிருந்து கீழாக விரலால் தொடர்ந்து சென்றால், அது தண்டைச் சுற்றிய உறையாக மாறி, மண்ணுக்குள் இறங்கி, பூண்டைப் போர்த்தும் ஒரு தோலாக முடிவதைக் காணலாம். மேலே எட்டு இலை இருந்தால் கீழே எட்டுத் தோல். அடியிலிருந்து ஓர் இலை பழுத்துக் காயும்போது, வெளித்தோல் ஒன்றும் மண்ணில் மக்கத் தொடங்குகிறது. எல்லா இலையும் காய்ந்த பிறகு தோண்டினால் போர்த்துவதற்குத் தோலே மிஞ்சாது. பற்கள் விரிந்துவிடும், விரிந்த பூண்டு தங்காது. ஆகவே அடி இலைகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை பழுப்பாகி, மேலே ஐந்தாறு இலைகள் பசுமையாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். மின்னசோட்டாவில் பெரும்பாலும் அது ஜூலையில் வரும். இரண்டு வாரத்துக்கு முன்பே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். ஐயமிருந்தால் முன்னதாக ஒன்றைத் தோண்டிக் குறுக்காக வெட்டிப் பாருங்கள். பற்கள் தோலுக்குள் இறுக்கமாக நிறைந்து, நடுத்தண்டிலிருந்து சற்று விலகத் தொடங்கியிருந்தால் எடுக்கும் பருவம் வந்துவிட்டது.

தாளைப் பிடித்து இழுக்காமல், செடிக்குச் சற்றுத் தள்ளித் தோட்ட முள்கரண்டியை ஊன்றி மண்ணை நெம்பிவிட்டு, கையால் தூக்க வேண்டும். எடுத்த பூண்டை மெதுவாகக் கையாள வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கூடையில் எறிந்தால் அடிபட்ட பல்தான் முதலில் அழுகும். கழுவவே கூடாது. ஒட்டிய மண்ணை விரலால் தட்டிவிட்டு, தாளும் வேரும் இருக்கும்படியே பத்துப் பத்தாகக் கட்டி, வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் மூன்று நான்கு வாரங்கள் தொங்கவிட வேண்டும். காற்று அசையாத நிலவறையானால் ஒரு மின்விசிறியை ஓடவிடுங்கள். கழுத்துப் பகுதியை அறுத்துப் பார்த்தால் ஈரமோ பசுமையோ தெரியாத நிலையில்தான் தண்டை இரண்டு விரல் விட்டு வெட்டி, வேரைக் கத்தரிக்க வேண்டும். நடவுக்கான மிகப் பெரிய பூண்டுகளை அன்றைக்கே எடுத்துத் தனியே பெயரெழுதி வைத்துவிடுங்கள், பிறகு எடுக்கலாம் என்றால் அவை குழம்புக்குள் போய்விடும். உண்பதற்கானவற்றை வலைப்பையில் போட்டு உலர்ந்த அறையில் வைக்கலாம். ஃபிரிட்ஜில் வைத்தால் குளிர்காலம் வந்துவிட்டதாக எண்ணி முளைவிடத் தொடங்கிவிடும்.

கேள்வி: என் தங்கை ஆஸ்லோவில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். பால்கனித் தொட்டியில் பூண்டு வைக்கலாமா?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: வைக்கலாம். நிலத்து மண்ணைவிடத் தொட்டி மண் எல்லாப் பக்கமிருந்தும் உறையும் என்பதால், 25 செ.மீ. ஆழத்துக்குக் குறையாத பெரிய தொட்டியாக எடுத்து, அடியில் வடிகால் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொண்டு, அக்டோபர் தொடக்கத்துக்குள் நட்டுவிட வேண்டும். பிறகு தொட்டியைச் சுவரோரம் நகர்த்தி, பழைய சாக்கோ தெர்மோகோலோ சுற்றி, மேலே சருகு போட்டு மூடலாம். ஒரு தவறு மட்டும் நேரக் கூடாது: குளிர்கிறதே என்று இரக்கப்பட்டுத் தொட்டியை வெப்பமூட்டிய அறைக்குள் கொண்டுவருவது. அப்படிச் செய்தால் கொருக்குப்பேட்டை வாசகரின் மகனுக்கு நேர்ந்ததுபோல ஒற்றை உருண்டையே கிடைக்கும்.

கேள்வி: மருமகள் எடின்பரோவில் விளைந்த பூண்டை உரித்து, நல்லெண்ணெயில் மூழ்க வைத்துப் பாட்டிலில் அலமாரியில் வைத்திருப்பதாகப் படம் அனுப்பினாள். குளிர் நாடு என்பதால் கெடாது என்கிறாள். சரிதானா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: அம்மா, இதைப் படித்தவுடன் தொலைபேசியில் அழைத்து, அந்தப் பாட்டிலை யாரும் சுவைத்துக்கூடப் பார்க்காமல் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். பூண்டு மண்ணில் விளைவது. மண்ணில் இயல்பாக இருக்கும் போட்டுலிசம் நோய்க் கிருமியின் வித்துகள் அதன்மீது ஒட்டியிருக்கக்கூடும். அந்தக் கிருமிக்குக் காற்று ஆகாது, புளிப்பும் ஆகாது. எண்ணெயில் மூழ்கிய பச்சைப் பூண்டில் காற்றும் இல்லை, போதிய புளிப்பும் இல்லை. அறை வெப்பத்தில் அது அங்கே பெருகி நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். நிறமோ மணமோ சுவையோ மாறாது என்பதால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 1985-இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் பரிமாறிய, எண்ணெயில் ஊறிய பூண்டினால் முப்பதுக்கும் மேற்பட்டோர் இந்த நோய்க்கு ஆளானார்கள். வெளியே பனி பெய்தாலும், வெப்பமூட்டிய வீட்டுக்குள் அலமாரி 20 டிகிரியில்தான் இருக்கும். குளிர்நாடு என்பது இதில் பாதுகாப்பாகாது.

எண்ணெயில் போட்டே ஆக வேண்டுமென்றால் சிறிதளவு செய்து, ஃபிரிட்ஜில் வைத்து, நான்கு நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். நம் வீட்டுப் பூண்டு ஊறுகாய், புளியும் எலுமிச்சையும் உப்பும் தூக்கலாகச் சேர்வதால் இதிலிருந்து வேறானது; ஆனாலும் வீட்டுப் பக்குவத்தில் புளிப்பின் அளவு ஒவ்வொரு முறையும் மாறும் என்பதால், அங்கே அதையும் ஃபிரிட்ஜிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மிஞ்சிய பூண்டுக்கு இரண்டு எளிய வழிகள் உள்ளன. உரித்த பற்களை எண்ணெய் சேர்க்காமல் பையில் போட்டு ஃபிரீசரில் உறைய வைத்தால் பல மாதங்கள் குழம்புக்கு எடுத்துக்கொள்ளலாம். மெல்லிய சீவலாக்கி, 55 முதல் 60 டிகிரி வெப்பத்தில் அடுப்புப் பெட்டியிலோ உலர்த்தும் கருவியிலோ, கையில் எடுத்தால் சடக்கென்று ஒடியும் வரை காய வைத்து, ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்தால், இட்லிப் பொடிக்கும் பருப்புப் பொடிக்கும் வேண்டியபோது அரைத்துக்கொள்ளலாம். அறைக்குள் பூண்டு வாடை சில நாட்கள் தங்கும். அந்த ஊரில் சன்னலைத் திறந்து வைக்க முடிகிற செப்டம்பரிலேயே இந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது.